‘உலகின் சிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’: செய்தியில் விடுபடுபவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் ‘உலகின் சிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் பேராசிரியர்கள்’ என்ற செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வரிசையாக வருகிறது. ஒரு படம், கல்லூரி நிர்வாகத்தின் பாராட்டு, ‘எச்-இண்டெக்ஸ் இவ்வளவு, மேற்கோள் இத்தனை ஆயிரம்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். (மேற்கோள் என்பது ஒருவரின் கட்டுரையைப் பிற ஆய்வுக் கட்டுரைகள் எடுத்துக்காட்டுவது. எச்-இண்டெக்ஸ் அந்த மேற்கோள்களை வைத்துப் போடும் ஓர் எண்; கீழே விளக்குகிறோம்.) அவர் எதைக் கண்டறிந்தார், அதை யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது மட்டும் வருவதில்லை. பட்டியலில் இடம் பிடித்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் கற்பிப்பவர்கள் நாங்கள். ஒரு மரபியலாளரின் ஆய்வெழுத்தை எப்படிப் படித்து மதிப்பிட வேண்டும், அந்த எண்கள் எங்கெங்கே ஏமாற்றும் என்பதை எங்கள் துறையின் உதாரணங்களோடு எழுதுகிறோம்.

முதலில் பட்டியலைப் பற்றி. ‘ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்டது’ என்று எழுதுவது சரியல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஜான் அயோனிடிஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019 முதல் தொகுத்துவரும் தரவு அது. எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனத்தின், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதியும் ஸ்கோபஸ் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, அதே நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எக்செல் கோப்பாக இறக்கிப் பார்க்கலாம். செய்தியாளர்களும் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.

அந்தக் கோப்பில் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆய்வாளரின் பணிக்காலம் முழுமைக்கும். மற்றது குறிப்பிட்ட ஓர் ஆண்டில் வந்த மேற்கோள்களுக்கு மட்டும். இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். ஓராண்டு அட்டவணையில் மட்டும் இருப்பவரையும் முப்பது ஆண்டு உழைப்புக்காக முதல் அட்டவணையில் இருப்பவரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். தரவரிசைக்கான மதிப்பெண் ஆறு எண்களைக் கூட்டி வருகிறது: மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், கூட்டாசிரியர் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு திருத்திய எச்-இண்டெக்ஸ், தனியாக எழுதிய கட்டுரைகளுக்கான மேற்கோள், தனியாகவோ முதல் பெயராகவோ எழுதியவற்றுக்கானது, அத்துடன் கடைசிப் பெயராக எழுதியவற்றையும் சேர்த்தது. இந்த மதிப்பெண்ணில் முதல் ஒரு லட்சம் பேருக்குள் வந்தாலும் சரி, தம் உட்துறையில் முதல் 2 சதவீதத்துக்குள் வந்தாலும் சரி, பெயர் சேரும். உட்துறைகள் மொத்தம் 174. ஒருவர் எந்த உட்துறையைச் சேர்ந்தவர் என்பது அவர் எழுதிய ஆய்விதழ்களை வைத்து முடிவாகிறது. அதனால் நெல்லில் மரபணு ஆய்வு செய்பவர் மரபியலில் வராமல் வேளாண்மையிலோ தாவரவியலிலோ போய் உட்காருவார். மனித மரபியல் கட்டுரைகளுக்குக் கரும்பு மரபியல் கட்டுரைகளைவிடப் பொதுவாக மேற்கோள் மிக அதிகம் என்பதால், இந்தப் பிரிப்பு தரவரிசையைப் பெரிதும் மாற்றும்.

இன்னொன்று, செய்திகளில் ஒருபோதும் சொல்லப்படாதது: கட்டுரைகளை 1960-இலிருந்தும், மேற்கோள்களை 1996-இலிருந்தும்தான் அந்தக் கோப்பு எண்ணுகிறது. இதன் விளைவு என்ன என்பதைத் தாவர மரபியலாளர் இ.கே. ஜானகி அம்மாளை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்த கலப்பைப் பற்றிய அவரது குறிப்பு 1938-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கரும்பின் பேரினக் கலப்புகள் பற்றிய நீண்ட கட்டுரை 1941-இல் ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழில் வந்தது. போர்க்காலத்தில் லண்டனில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் இருந்தபோது, மரபியலாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் (செல்லில் மரபணுக்களைத் தாங்கும் இழை) அட்லஸை எழுதினார். 1945-இல் வந்த அந்த நூலில் சுமார் 10,000 தாவர இனங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகள் இருக்கின்றன. பிறகு விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் மேக்னோலியா ஆய்வு. 1951-இல் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணி. 1977-இல் பத்மஸ்ரீ. கடைசிக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் 1984-இல் மறைந்தார்.

1960-க்குக் கோடு போட்டால் கோயம்புத்தூர் ஆய்வும் போய்விடுகிறது, லண்டன் ஆய்வும் போய்விடுகிறது. மீதியும் சிக்கல்தான். அவரது மிகப் பெரிய பங்களிப்பு ஒரு நூல். மேற்கோள் தரவுத்தளங்கள் கட்டுரைகளை எண்ணும் அளவுக்கு நூல்களை ஒழுங்காக எண்ணுவதில்லை. 1955-இல் அந்த அட்லஸின் இரண்டாம் பதிப்பு ‘பூக்கும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’ என்று விரிவாக்கப்பட்டு வந்தபோது, தலைப்புப் பக்கத்தில் டார்லிங்டனும் ஏ.பி. வைலியும் இருந்தார்கள். ஜானகி அம்மாளின் பெயர் இல்லை. அதன் பிறகு குரோமோசோம் எண்ணிக்கை தேடியவர்கள் புதிய பதிப்பைத்தான் மேற்கோள் காட்டினார்கள். ஒருவர் செய்த வேலை புழக்கத்தில் இருக்கும்போதே அவர் பெயர் கணக்கிலிருந்து நழுவுவது இப்படித்தான்.

பெயர் என்பதே தனிப் பிரச்சினை. ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் அவர் ‘ஜானகி அம்மாள், இ.கே.’, இன்னொன்றில் இணைப்புக்குறியோடு ‘ஜானகி-அம்மாள்’, மற்றொன்றில் ‘அம்மாள், இ.கே.ஜே.’ கணினிக்கு இவர்கள் மூன்று பேர். எச்-இண்டெக்ஸ் என்பது மேற்கோள்கள் ஒரே பெயரில் குவிந்தால்தான் உயரும். மூன்றாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் சின்ன எண்தான் மிஞ்சும். இது பழைய கதையும் அல்ல. தமிழர்களின் பெயர் முறை இன்றைக்கும் இதே பாட்டைப் படுகிறது. அப்பா பெயர் முதலெழுத்தாக இருக்கிறது. ஆய்விதழின் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியவர் உலகம் முழுக்க அப்பா பெயரிலேயே மேற்கோள் காட்டப்படுகிறார். அடுத்த கட்டுரையில் மாற்றி எழுதினால் இரண்டு ஆளாகிவிடுகிறார். எஸ். குமார், கே. முருகன் போன்ற பெயர்களில் எதிர்மாறான தவறு நடக்கும்: நான்கைந்து பேரின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் ஏறி, அவர் திடீரென்று மரபியலும் சிமென்ட்டும் தெரிந்த மேதையாகத் தெரிவார். அப்படி வீங்கிய எண்ணை வைத்துச் செய்தி போட்டுவிடக்கூடாது என்றால், கட்டுரைத் தலைப்புகளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தாலே போதும். துறைக்குச் சம்பந்தமில்லாதவை கண்ணில் பட்டுவிடும். இளம் ஆய்வாளர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்க்கிட் (ORCID) என்ற, ஆய்வாளருக்கான தனி அடையாள எண் வாங்கிக்கொள்ள வேண்டும். 16 இலக்கம், கட்டணம் கிடையாது, 2012 முதல் இருக்கிறது. பெயரை எப்படி எழுதுவது என்று ஒரே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் எழுத வேண்டும். ஸ்கோபஸில் கணக்கு பிரிந்திருந்தால் இணைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். வேறொருவரின் கட்டுரை சேர்ந்திருந்தால் நீக்கவும் அதே வழி.

குரோமோசோம் எண்ணிக்கை என்றால் ஒரு எண்தானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு உதாரணம் சொல்கிறோம். கோயம்புத்தூரில் உருவாகி 1918-இல் பயிருக்கு விடப்பட்ட ‘கோ 205’ கரும்புக்குத் தாய் ‘வெள்ளை’ என்ற நாட்டுக் கரும்பு. அதன் உடற்செல்லில் 80 குரோமோசோம்கள். தந்தை கோயம்புத்தூரின் காட்டுக் கரும்பு, நாணல் வகை, அதில் 64. பாடப்புத்தகக் கணக்குப்படி பாதியும் பாதியும் சேர்ந்து 40 கூட்டல் 32, அதாவது 72 வர வேண்டும். ஆனால் ‘கோ 205’-இல் இருப்பது 112. தாய் தன் 80 குரோமோசோம்களையும் பாதியாக்காமல் அப்படியே கொடுத்திருக்கிறது. இது தெரிந்தால்தான் அடுத்து எந்தத் தாயோடு எத்தனை முறை பின்கலப்பு (கலப்பில் வந்த செடியை மறுபடி பெற்றோர் வகையோடு கலப்பது) செய்தால் காட்டுக் கரும்பின் தடித்த நார் குறைந்து சர்க்கரை ஏறும் என்று திட்டம் போட முடியும்.

அந்த 112-ஐ எண்ணுவது லேசான காரியம் இல்லை. புதிதாக வரும் வேர்நுனியைச் செல்கள் பிரியும் நேரம் பார்த்து வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நாள் வைத்து, அமிலத்தில் இளக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலால் நசுக்கிப் பரப்ப வேண்டும். அழுத்தம் குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்; கூடினால் செல் உடைந்து இரண்டு மூன்று வெளியே சிதறிவிடும். கரும்பின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை, நூறுக்கு மேல் வேறு. ஒரு செல்லில் எண்ணியதை நம்ப முடியாது. தெளிவாகப் பரந்த பல செல்களில் ஒரே எண் வர வேண்டும். இப்படிக் கிடைத்த எண் அட்லஸில் ஒரு வரிகூட இல்லை, ஒரு சொல் அகலம்தான். அதைப் பயன்படுத்தும் ஆயிரம் பேரில் பெரும்பாலோர் எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதுவதில்லை. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட உண்மைக்கு மேற்கோள் நின்றுவிடும். மரபியலில் மிக ஆழமாகப் பதிந்த ஆய்வுகள் பலவற்றின் மேற்கோள் குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், அட்லஸ் போன்ற தொகுப்பு நூல் தானே மேற்கோளை வாங்கிக்கொண்டு, வேர்நுனியை நசுக்கி எண்ணிய முதல் ஆய்வாளருக்குப் போகவேண்டியதைத் தடுத்தும் விடுகிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி எச்-இண்டெக்ஸ். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவு. கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள்: 50, 30, 9, 6, 5, 5, 2 என்றால் எச்-இண்டெக்ஸ் 5. ஐந்து கட்டுரைகள் தலா ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. தலா ஆறு பெற்ற ஆறு கட்டுரைகள் இல்லை. இரண்டே கட்டுரை எழுதி, ஒன்று 900, மற்றது 3 என்றால் எச்-இண்டெக்ஸ் 2. இது ஒருபோதும் இறங்காது. ஆள் ஓய்வு பெற்ற பிறகும் ஏறும். ஒரே நபருக்குக் கூகுள் ஸ்காலரில் ஒன்று, ஸ்கோபஸில் ஒன்று, வெப் ஆஃப் சயின்ஸில் ஒன்று வரும். ஆய்வேடு, கருத்தரங்கக் கையேடு, முன்வெளியீடு எல்லாவற்றிலும் உள்ள மேற்கோள்களையும் கூகுள் சேர்ப்பதால் அங்கே பெரும்பாலும் அதிகம். எந்தத் தளம், எந்தத் தேதி என்று சொல்லாமல் எச்-இண்டெக்ஸ் எழுதுவது எந்த ஊர், எந்த நாள் என்று சொல்லாமல் தங்க விலை எழுதுவதற்குச் சமம். ‘இம்பாக்ட் ஃபேக்டர் 12’ என்று வரும் எண் ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோளின் சராசரி. அதை ஆளுக்கு மாட்டவே கூடாது.

பெயர் வரிசையைப் பாருங்கள். மரபியலில் பொதுவாக முதல் பெயர் ஆய்வகத்தில் வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் திட்டமிட்டு, நிதி பெற்று, பொறுப்பேற்றவருடையது. நடுவில் வருபவர்கள் மாதிரி கொடுத்தவர்களாகவும், ஒரு சோதனை செய்தவர்களாகவும், சில நேரம் பெயருக்கு மட்டும் சேர்க்கப்பட்டவர்களாகவும் இருப்பார்கள். பழ ஈயின் ஒரு குரோமோசோம் பகுதியைப் பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். நோய்களுக்கான மரபணுக்களைத் தேடும் பெரும் கூட்டாய்வுகளில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் ரத்த மாதிரி தருகின்றன. தந்த எல்லாருக்கும் பெயர் உண்டு. அது நியாயமும்கூட, ஏனென்றால் மாதிரி இல்லாமல் ஆய்வு இல்லை. ஆனால் அப்படியொரு கட்டுரையின் பல ஆயிரம் மேற்கோள்களை நடுவில் உள்ள ஒருவரின் தனிச் சாதனையாக எழுதுவது தவறு. இன்று பல ஆய்விதழ்கள் கட்டுரையின் இறுதியில் யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு பத்தி போடுகின்றன. அந்தப் பத்தியைப் படித்தால் இரண்டே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

கட்டுரையின் வகையும் முக்கியம். மரபணுச் செயல்பாட்டை, டி.என்.ஏ.வைப் பன்மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். கருவியில் அளந்து ஒப்பிடும் எளிய கணக்கு முறையை லிவாக், ஷ்மிட்ஜென் இருவரும் 2001-இல் எழுதினார்கள். அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் மேற்கோள். மரபணுத் தொகுதியோடு துண்டுத் துண்டான டி.என்.ஏ. வரிசைகளைப் பொருத்தும் மென்பொருள்களுக்கும் அப்படியே. எல்லாரும் பயன்படுத்தும் கருவி என்பதற்கான சான்று அது, நல்ல சான்று. ஆனால் புதிய உயிரியல் உண்மைக்கான அளவுகோல் அல்ல. மறுபக்கம், வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குணத்துக்கான சப்-1 மரபணுவைப் பற்றிய கட்டுரை 2006-இல் ‘நேச்சரில்’ வந்து ஏராளமான மேற்கோள் பெற்றது. அதை மூலக்கூறு அடையாளம் (மரபணு வந்திருப்பதைக் காட்டும் டி.என்.ஏ. குறி) பார்த்துப் பின்கலப்பு செய்து, 2009-இல் இந்தியாவில் வெளியான ‘ஸ்வர்ணா-சப்1’ ரகத்துக்கும், நம் டெல்டாவில் பயிராகும் ‘சி.ஆர். 1009 சப்-1’ ரகத்துக்கும் மேற்கோள் எண்ணிக்கை சரியான அளவுகோல் அல்ல. விதைச் சான்றிதழும் பயிரான ஏக்கரும்தான் அவற்றின் கணக்கு. அந்த மரபணு வந்த ஒடிசாவின் நாட்டு நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த உழவர்களுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. பயிர் இனப்பெருக்கத்தில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது, அவர் வெளியிட்ட ரகம், அது எத்தனை மாவட்டத்தில் நிலைத்தது, எந்த நோயில் விழுந்தது என்று கேளுங்கள். ‘கோ 0238’ கரும்பு உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியில் பரவி, பிறகு செவ்வழுகல் நோயில் மாட்டியது. அதன் வெற்றி, தோல்வி இரண்டுமே வயலில் தெரிந்தவை.

அதிக மேற்கோள் பெற்றதால் ஒரு முடிவு உண்மையாகிவிடாது. மனச்சோர்வு நோய்க்கும், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைக் கடத்தும் புரதத்துக்குரிய மரபணுவின் ஒரு வடிவத்துக்கும் தொடர்பு என்று 2003-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் குவிந்தது. 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவை வைத்து அப்படிப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தபோது, தற்செயலை மிஞ்சிய தொடர்பு எதுவும் தெரியவில்லை. எங்கே பிழை? சில நூறு பேரைக் கொண்ட மாதிரி. பலவிதமாகப் பிரித்துப் பார்க்க இடம். தொடர்பு ‘கிடைத்தது’ என்ற கட்டுரைகளே அச்சேறும் வழக்கம். அதனால்தான் இன்று மரபணுத் தொகுதி முழுவதையும் தேடும் ஆய்வுகளில் வழக்கமான 0.05 வரம்பை (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து) ஏற்பதில்லை. ஏறக்குறைய பத்து லட்சம் சோதனைகளுக்குச் சமம் என்பதால் 0.05-ஐ பத்து லட்சத்தால் வகுத்து, 0.00000005-க்குக் கீழே வந்தால்தான் ஏற்கிறார்கள். ஒரு மரபியலாளரின் நோய்-மரபணுக் கட்டுரையைப் பாராட்டும் முன் இரண்டு கேள்வி போதும்: மாதிரி எத்தனை பேர், வேறொரு குழுவில் மறுபடி அதே முடிவு வந்ததா? மறுத்து எழுதிய கட்டுரையும் மேற்கோள் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சின்னப் பிழைகளும் பெரிய இதழ்களில் நுழைகின்றன. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதி என்று எண்ணி மார்ச் 1, செப்டம்பர் 2 ஆக்கிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். செய்தியாளர் இந்த அளவுக்கு உள்ளே போகத் தேவையில்லை. ஆனால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பது அவசியம். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைத் தேடினால் ஆய்விதழ்ப் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளமும் இப்போது இலவசம். மேலே சொன்ன 2 சதவீதக் கோப்பிலேயே தம்மைத் தாமே மேற்கோள் காட்டிய சதவீதம் தனி நிரலாக இருக்கிறது. தொடர் ஆய்வு செய்பவர் தம் முந்தைய கட்டுரையைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் கொஞ்சம் இருப்பது இயல்பே. அதே துறையில் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் கட்டுரை எண்ணிக்கை திடீரென்று பன்மடங்கானாலும், மேற்கோள்கள் ஒரே சில இதழ்களிலிருந்தே வந்தாலும் அப்படித்தான்.

உங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை பட்டியல் செய்தி எழுதும்போது, எந்த அட்டவணை, எந்த ஆண்டு என்று ஒரு வரி சேர்க்கட்டும். பேராசிரியரிடம் அவரது மிகச் சிறந்த கட்டுரை எது என்று கேட்டு, அதில் அவர் கையால் செய்தது என்ன, அதை எடுத்து வேறு யார் என்ன செய்தார்கள் என்பதை நான்கு வரியில் போடட்டும். மரபியலாளர் என்றால் அவர் உருவாக்கிய விதை, செல் வரிசை, தரவு, மென்பொருள் ஆகியவை பிறருக்குக் கிடைக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் கேட்கலாம். எச்-இண்டெக்ஸ் அதற்குப் பிறகு வரட்டும், தளத்தின் பெயரோடும் தேதியோடும்.

இப்படிக்கு,
மரபியல், பயிர் இனப்பெருக்க ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்